கன் – 2, நல்ல நிலையில்

போன மாதம் என் மகனை விமான நிலையத்தில் இரண்டு துப்பாக்கியோடு பிடித்துவிட்டார்கள் என்று என் பழைய அலுவலகத்தில் பேச்சு. பிடித்தது உண்மை. இரண்டு என்பதும் உண்மை. மீதியை நானே எழுதிவிடுகிறேன். விட்டால் அடுத்த வாரம் கேன்டீனில் அது பீரங்கியாகிவிடும்.

எழுதச் சொன்னது ரேவதி. ஆயுத உரிமப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருக்கிற உதவியாளர். "மேடம், எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சு. ஆனா வெளிநாட்டுக்கே குடிபோறவங்க ஆயுதத்தை இன்னா பண்றதுன்னு கேட்டா கம்ப்யூட்டர் சுத்திக்கினே இருக்கு. நீங்க பார்த்ததை எழுதிக் குடுங்க, புதுசா வர்றவங்களுக்கு ஆகும்" என்றாள். அப்புறம் குரலை இறக்கி, "அப்படியே உங்க பையன் டேனி கதையும்" என்றாள். அதற்காகத்தான் போன் என்பது முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரியும்.

அந்தப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது எங்கள் பீரோக்களும் மூன்றாகப் பிரிந்தன. நான் எந்தப் பங்கோடு போனேன் என்று சொல்லமாட்டேன். மூன்று இடத்திலும் என்னுடைய காகிதம் ஏதாவது ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. ஐம்பத்து நாலு வயதில் விருப்ப ஓய்வு வாங்கினேன்.

பயிற்சி ஒரு வாரம் நடந்தது. ஒருவர் ஆயுதச் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து வாசித்தார், நாங்கள் தூங்கினோம். எட்டாம் நாளிலிருந்து நான் நிபுணர்.

உண்மையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது தனகோட்டி சார், எங்கள் சிரஸ்தார். ஆட்சியர் மேசைக்குப் போகிற ஒவ்வொரு ஆயுதக் கோப்பும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் துப்பாக்கியைக் கண்டால் அவருக்கு நடுக்கம். உரிமம் புதுப்பிக்க வருகிறவர் ஆயுதத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அதில் பொறித்த எண்ணைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கி உள்ளே வந்ததும் சார் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார்.

"பேப்பர் விரிச்சு அதுமேல வைக்கச் சொல்லும்மா. குழாய் கருவூலம் பக்கமா இருக்கட்டும்."

"ஏன் சார்?"

"நம்ம பில்லை எல்லாம் நிறுத்தி வெச்சிருக்கறது அவங்கதானே."

அங்கிருந்தபடியே "நம்பரைப் படி" என்பார். நான் குனிந்து படிப்பேன். வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு "சரி" என்பார். கோப்பில் இதை 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது' என்று எழுதுவோம்.

வார்த்தை விஷயத்தில் மட்டும் அவர் புலி. குறிப்பில் துப்பாக்கி என்று எழுதினால் சிவப்பு மையில் அடிப்பார். "துப்பாக்கி சினிமால வர்றது. கன்னு பசங்க தீபாவளிக்கு வெடிக்கறது. இங்க ஆயுதம். ஆயுதம்னு எழுது." இங்கிலீஷில் எழுதினால் வெப்பன். இருபத்திரண்டு வருஷத்தில் கன் என்ற சொல் என் பேனாவிலிருந்து அலுவலகத் தாளில் ஒருதரம்கூட இறங்கவில்லை. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் போனால் புரியும்.

விண்ணப்பிக்க வருகிறவர்கள் இரண்டு ஜாதி. ஆலங்காயம் பக்கத்து விவசாயி காட்டுப்பன்றிக்காகக் கேட்பார். அவருக்குத் தாசில்தார் அறிக்கை, போலீஸ் அறிக்கை, வனத்துறை அறிக்கை எல்லாம் வந்து சேர்வதற்குள் பன்றி பேரன் பேத்தி எடுத்திருக்கும். மற்றது கார் வைத்த ஜாதி. 'தற்காப்பு' என்று எழுதுவார்கள். ஒருவரிடம் நான் வாய்விட்டே கேட்டேன், "உங்களுக்கு யாரால சார் ஆபத்து?" என்று. அவர் விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தார். "இன்னும் யாரும் இல்ல மேடம். லைசன்ஸ் வந்தா வருவாங்க." நேர்மையான பதில். அவருடைய சகலையிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. ஆபத்து அந்தத் திசையிலிருந்துதான் வந்திருந்தது.

ரேவதி கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நாடு மாறுகிறவருக்கு மூன்று வழி. ஆயுதத்தை உரிமம் உள்ள வேறொருவருக்கு விற்கலாம். காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கலாம். இல்லையென்றால் கூடவே எடுத்துப் போகலாம். இந்த மூன்றாவது வழிக்கு இங்கே ஏற்றுமதி அனுமதி, அங்கே இறக்குமதி அனுமதி, நடுவில் ஏற்றிப்போகிற விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். ஒவ்வொருவரும் 'மற்றவர் முதலில் தரட்டும்' என்று அன்போடு காத்திருப்பார்கள்.

அப்படிப் போக முயன்ற ஒரே ஆள் ஆம்பூர் ரஹீம் பாய். தோல் ஷாப் முதலாளி; தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஷாப் என்போம். மகள்களோடு இருக்க கனடாவுக்கே போகிறார். வாப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கூடக் கொண்டுபோக வேண்டும்.

"கடைசியா எப்ப சுட்டீங்க பாய்?"

"நான் எங்க மேடம் சுட்டேன்? எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ஸ்டேஷன்ல வெக்கச் சொல்வீங்க. அப்ப வெளியே போய்ட்டு வரும். என்னைவிட ஜாஸ்தி ஊர் பார்த்தது அதுதான்."

"அங்க போய் இன்னா பண்ணுவீங்க?"

"சுவத்துல மாட்டுவேன். நான் நாடு மாறலாம், அது மாறக்கூடாதா? இன்னா நியாயம்?"

கடிதம் போனது, வந்தது. அந்த நாட்டு உரிமத்துக்கு ஒரு பாதுகாப்புப் பரீட்சை எழுத வேண்டும் என்று பதில் வந்தபோது பாய் என் முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் சிரித்தார். "பத்தாவதுல விட்ட பரீட்சைய அறுபத்தெட்டுல எழுதச் சொல்றான். பேஜார் மேடம், விடுங்க." துப்பாக்கியை ஆம்பூரிலேயே இருக்கிற தங்கை மகன் பேருக்கு மாற்றினார். போவதற்கு முந்தின நாள் வந்து, தன் ஷாப் தோலிலேயே தைத்த அதன் உறையைக் காட்டினார். "இதுக்கு லைசன்ஸ் வேணுமா?" நான் விதிகளை முழுக்கப் புரட்டினேன். வேண்டாம். காலி உறையோடு பாய் கனடா போய்ச் சேர்ந்தார். அந்தக் கோப்பை நான் ஒரு சாதனையாக நினைத்திருந்தேன்.

இன்னொரு கோப்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வாலாஜாபேட்டைப் பையன். இன்ஜினியரிங் முடித்து வளைகுடாவில் வேலை கிடைத்து, விமான நிலையத்துக்குப் போனான். அவன் எடுத்துப்போனது அப்பாவின் பழைய பை. அப்பா அமிர்தி பக்கம் நிலம் வைத்திருந்தவர், பயிர்ப் பாதுகாப்புக்கு முறையாக உரிமம் பெற்றவர். தோட்டாவை அந்தப் பையில்தான் போட்டு வைத்திருப்பார். அதன் உள்துணியில் ஒரு கிழிசல், கிழிசலுக்குள் ஒரு தோட்டா. எக்ஸ்ரேயில் தெரிந்தது. கைது. போலீஸ் எங்களுக்கு எழுதிக் கேட்டது: மேற்படி நபர் பெயரில் ஆயுத உரிமம் உள்ளதா?

பையன் பெயரில் இல்லை. அப்பாவின் கோப்பு அதே பீரோவில் இரண்டு தட்டு கீழே இருந்தது. தோட்டா வாங்கிய கணக்குகூட அதில் இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு தனகோட்டி சாரிடம் போனேன்.

"கேட்டது இன்னா?"

"பையன் பேர்ல லைசன்ஸ் இருக்கான்னு."

"இருக்கா?"

"இல்ல சார். ஆனா அப்பாவுக்கு..."

"அப்பாவைக் கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினா கேட்காத வேலை வரும். 'இல்லை'ன்னு ஒரு வரி. அனுப்பு."

அனுப்பினேன். அந்தப் பையனின் அம்மா நான்கு நாள் எங்கள் வராண்டா பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். "நீங்க இன்னும் ஒரு வார்த்தை எழுதினா போதும்னு வக்கீல் சொல்றாரும்மா" என்றார். "கேட்டதுக்கு எழுதிட்டோம்மா" என்றேன். என் குரல் தனகோட்டி சார் குரல் மாதிரியே இருந்ததில் அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அப்பாவின் உரிமத்தை நீதிமன்றம் கேட்டு வாங்கிப் பார்த்து அவனை விடுவதற்குள் வேலை போய்விட்டது, விசா போய்விட்டது. இப்போது செல்போன் கவர் விற்கிறான். அந்தக் கடைத்தெருவில் நான் எதிர்ச்சாரியில் நடப்பேன்.

இனி என் வீடு.

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில், ஃபினிஷிங் பிரிவில் இருந்தவர். பதனிட்டுக் காய்ந்து வந்த தோலின்மேல் நிறமும் பளபளப்பும் அடிக்கிற வேலை. அடிப்பது ஸ்ப்ரே கன்னால். கையில் பிடிக்கிற மாதிரி, விசை வைத்து, மேலே ஒரு கிண்ணத்தோடு இருக்கும். அந்தப் பிரிவில் யாரும் அதை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கன். "கன்னைக் கழுவினியா?" "கன்னு அடைச்சுக்கிச்சு." "எவன்டா என் கன்னைத் தொட்டது?" எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுதான் காலையும் மாலையும். ஆக, எனக்கு அலுவலகத்தில் இருந்தது ஆயுதம், வீட்டில் இருந்தது கன். இரண்டும் ஒரு நாளும் சந்தித்துக்கொள்ளவில்லை.

மகன் டேனியும் தோல் படிப்பு படித்து ஆம்பூரில் ஃபினிஷிங்கில் சேர்ந்தான். எத்தியோப்பியாவில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை வந்தது. இங்கே வாங்குவதைப் போல மூன்று மடங்கு. குறித்த தேதிக்குள் சேராவிட்டால் அடுத்த ஆளை எடுப்போம் என்று எழுதியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தன் பழைய கன்னைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தார். "புதுசும் ஒண்ணு வாங்கிக்க. ஆனா கைக்குப் பழகினது இது."

பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டது நான். யாரும் கேட்கவில்லை. எழுதி ஒட்டிவிட்டால் கேள்வி வராது என்று நான் நம்பினேன், அவ்வளவுதான். டேனி பெட்டியை அடுக்கிக்கொண்டே சொல்லச் சொல்ல, வரிசை எண், பொருள், எண்ணிக்கை, குறிப்பு என்று கட்டம் போட்டு இங்கிலீஷில் டைப் செய்தேன். ஏழாவது வரி: கன் – 2, ஒன்று பழையது, நல்ல நிலையில். எட்டாவது: பிளாக் பவுடர் – 1 டப்பா, சாம்பிள். அது கறுப்புச் சாயத்தூள். ஆயுத விதிகளில் அந்தப் பெயர் வெடிமருந்தைக் குறிக்கும் என்று இருபத்திரண்டு வருஷம் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். பாஸ்போர்ட் எண்ணில் பிழை இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன். கீழே, பழக்கத்தில், சின்னக் கையெழுத்தும் போட்டேன்.

காலை விமானம். டேனியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நானும் அவரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். போன் வந்தது.

"அம்மா, என்னை ஒரு ரூம்ல உக்கார வெச்சிருக்காங்க. நீயும் அப்பாவும் உள்ள வரணுமாம்."

"ஏன்டா?"

"கன்னு எடுத்துட்டுப் போறேன்னு."

அந்த நிமிஷம்தான் இரண்டு சொற்களும் என் தலைக்குள் முதன்முதலாகச் சந்தித்தன. கையிலிருந்த காபி புடவையில் கொட்டியதை நான் கவனிக்கவில்லை.

உள்ளே அழைத்துப் போனார்கள். பாதுகாப்பு அதிகாரி தெற்கத்திக்காரர், மரியாதையானவர். இடுப்பில் தோல் உறைக்குள் துப்பாக்கி. மேசைமேல் பேப்பர் விரித்து இரண்டு கன்னும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் என் பட்டியல். டேனி மூலையில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். அதிகாரி கேள்வி பதிலாக எழுதியிருந்த தாளை என் முன்னால் தள்ளினார்.

கேள்வி: பெட்டியில் என்ன?
பதில்: கன் சார்.
கேள்வி: லைசன்ஸ்?
பதில்: இதுக்கு லைசன்ஸ் எல்லாம் யாரும் வாங்கறதில்ல சார். ஒண்ணு எங்க அப்பாவோடது. முப்பது வருஷமா யூஸ் பண்ணாரு.
கேள்வி: எதற்கு?
பதில்: தோல்மேல அடிக்க.
கேள்வி: யார் தோல்?
பதில்: ஆடு, மாடு. எது வருதோ அது.
கேள்வி: என்ன வேலை பார்க்கிறாய்?
பதில்: ஃபினிஷிங்.
கேள்வி: உங்கள் ஊரில் எத்தனை பேரிடம் இது இருக்கிறது?
பதில்: ஃபினிஷிங்ல இருக்கிற எல்லார்கிட்டயும் இருக்கும் சார்.
கேள்வி: பட்டியல் போட்டது யார்?
பதில்: எங்க அம்மா. கலெக்டர் ஆபீஸ்ல துப்பாக்கி லைசன்ஸ் செக்‌ஷன்ல இருந்தாங்க.

வாழ்நாளில் எத்தனையோ வாக்குமூலம் படித்திருக்கிறேன். ஒரு வரிகூடப் பொய் இல்லாமல், ஒரு ஆளை இவ்வளவு ஒழுங்காக உள்ளே தள்ளுகிற வாக்குமூலத்தைப் படித்ததில்லை.

"எனக்கும் இது வேற ஏதோன்னுதான் தோணுது மேடம்," என்றார் அதிகாரி. "ஆனா எழுத்துல கன்னுன்னு இருக்கு, பிளாக் பவுடர்னு இருக்கு. கையெழுத்தும் இருக்கு. அதுவும் உங்களது. நான் எதை வச்சு விடுறது? இது ஆயுதம் இல்லன்னு உங்க ஆபீஸ்லேர்ந்து ஏதாவது வாங்கித் தர முடியுமா? இல்லன்னா போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும்."

போலீஸ் என்றால் பதிவு. பதிவு என்றால் பாஸ்போர்ட். அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எனக்கு மனப்பாடம். வராண்டா பெஞ்சு கண்முன் வந்தது. விமானத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ரேவதிக்குப் போன் போட்டேன்.

"மேடம், ஆயுதம் இல்லாததுக்கு சர்டிபிகேட் தர நமக்கு ரூலே இல்லியே. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"ஏதாவது பண்ணும்மா."

"ஒண்ணு பண்ணலாம் மேடம். டேனியல் பேர்ல ஆயுத உரிமம் எதுவும் இல்லைன்னு வேணா ஒரு வரி உடனே எழுதி அனுப்பட்டா?"

"வேணாம்மா," என்றேன். "அது மட்டும் வேணாம்." கத்திவிட்டேன் போல. அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் மேசையருகே வந்து, "சார், நான் தொடலாமா?" என்று கேட்டார். அதிகாரி தலையாட்டினார். அவர் தன் பழைய கன்னை எடுத்தார். கிண்ணத்தைக் கழற்றினார், ஊசியை உருவினார், முனையைத் திருகி எடுத்தார். எல்லாவற்றையும் பேப்பர்மேல் வரிசையாக வைத்தார். முனையின் உட்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். காய்ந்த பழுப்பு நிறம் செதிலாக விழுந்தது.

"இதுல காத்தும் கலரும்தான் சார் வரும். கம்ப்ரஸர் இல்லன்னா அதுவும் வராது." அதிகாரியின் காலைப் பார்த்தார். "உங்க ஷூ இதுல அடிச்ச கலர்தான். பெல்ட்டும் அப்படித்தான்." இடுப்பைக் காட்டினார். "அந்த உறையும்தான் சார். உள்ள இருக்கறது உங்களுது. வெளிய இருக்கறது எங்களுது."

அதிகாரி குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு உறையைப் பார்த்தார். விரலால் அந்தச் செதிலைத் தொட்டு, உறைமேல் வைத்துப் பார்த்தார். ஓரமாக நின்ற இரண்டு காவலர்களும் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சிரித்துவிட்டார்.

"பவுடர் இங்கயே இருக்கட்டும். மத்தது போகலாம்," என்றார் அதிகாரி. "தம்பி, இனிமே எவனாவது கேட்டா பெயிண்ட் அடிக்கிற மெஷின்னு சொல்லு. மேடம், இது என்ன, எதுக்குன்னு ஒரு ஸ்டேட்மென்ட் மட்டும் எழுதிக் குடுங்க. ரெண்டு வரி போதும்."

வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார்கள். மேற்படி பொருள் ஸ்ப்ரே கன் எனப்படும் நிறம் தெளிக்கும் கருவி என்று எழுதினேன். அது எப்படி வேலை செய்கிறது என்று எழுதினேன். தோல் ஷாப்களில் அதை ஏன் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதினேன். பட்டியல் டைப் செய்தது நானே, என் மகன் அல்ல என்று எழுதினேன். கறுப்புத்தூள் என்பது எது, எது அல்ல என்று எழுதினேன். அவனுடைய அப்பா யார், எத்தனை வருஷம் வேலை பார்த்தார், பழைய கன்னை எப்படி வாங்கினார் என்பதை எழுதினேன். இரண்டாவது தாள் கேட்டேன்.

"மேடம், ரெண்டு வரிதான் கேட்டேன்."

"இருங்க சார். யாரும் கேட்காததும் இதுல இருக்கணும்."

மூன்றாவது தாளின் அடியில் கையெழுத்து போட்டு, தேதி போட்டு, முழுவதையும் ஒருமுறை படித்துச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தேன். மூலை நாற்காலி காலியாக இருந்தது. பேப்பர்மேல் கன் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் கதவருகே நின்றிருந்தார்.

"டேனி எங்க?"

"கூப்ட்டாங்க. போய்ட்டான்."

"என்கிட்ட சொல்லாமலா?"

"சொன்னான் எஸ்தரு. உன் தோளைப் பிடிச்சு, வர்றேம்மான்னு சொன்னான். ஆட்டாதடா, எழுத்து கோணிக்கும்னு நீதான் சொன்ன."